இல்லாத பூட்டின் விலை

உலகப்பனின் இடது கையை அவருடைய சொந்தக் கடையின் கட்டிங் மெஷினிலேயே வைத்து நசுக்கினார்கள். கல்யாணப் பத்திரிகைகளை நூறு நூறாக அடுக்கி, அசையாமல் இருக்க மேலிருந்து இரும்புப் பலகையை இறக்கிச் சக்கரத்தைத் திருகி இறுக்குவாரே, அதே சக்கரம்தான். திருகியவன் பெயர் செல்வா. மெஷின் பழக்கமில்லாதவன், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே மூச்சில் திருகிவிட்டான். நடுவிரலும் மோதிர விரலும் பலகைக்கு அடியில் காய்ந்த அப்பளம் போல நொறுங்கின.

உலகப்பன் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. பெர்மாஸ் ஜெயாவின் அந்தக் கடை வரிசையில் இடது பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையும் வலது பக்கத்துத் தையல் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தன. ஹேமநாதன் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான். போதாததற்கு, பேனர் அடிக்கும் பெரிய மெஷினையும் ஓடவிட்டிருந்தான். யாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கோ ஆன வாழ்த்துப் பேனர், மாப்பிள்ளையின் மீசை வரைக்கும் வெளியே வந்திருந்தது.

“பாஸ்வேர்டைச் சொல்லிடுங்க செட்டியாரே,” என்றான் ஹேமநாதன். “உங்க கை, உங்க மெஷினு. நசுக்கி எனக்கு என்னா லாபம்?”

ஹேமநாதன் தெப்ராவ் பக்கம் லாரி யார்டு வைத்திருப்பவன். நாற்பது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், வாய் நிறைய மரியாதை. அவன் யாரையும் தன் கையால் தொட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். தொடுகிற வேலைக்குத்தான் செல்வா இருந்தான். கம்ப்யூட்டர் வேலைக்கு இன்றைக்குப் புதிதாக ஒருவனைக் கூட்டி வந்திருந்தான்: சுகுமாறன். வீடுகளுக்குக் கேமரா பொருத்துகிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நொறுங்கிய சத்தத்தில் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

சுகுமாறனின் மடிக்கணினி மேசை மேல் திறந்திருந்தது. உலகப்பனின் பழைய கம்ப்யூட்டரைச் செல்வா சுத்தியலால் பிளந்து, உள்ளேயிருந்த ஹார்டு டிஸ்கைப் பிடுங்கிக் கொடுத்திருந்தான். அது இப்போது ஒரு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் கோவில் உறுப்பினர் பட்டியல். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்து, வாலில் கொக்கி போட்ட எழுத்து, நடுநடுவே பவுண்டு, யென் என்று ஊரில் யாருக்கும் தேவைப்படாத அடையாளங்கள்.

“லாக் பண்ணி வச்சிருக்காரு பாஸ்,” என்று சுகுமாறன்தான் முதலில் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இரண்டு விரல்கள் போயின.

பூட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

தொண்ணூற்றேழில் உலகப்பன் முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்குள் தமிழுக்கு இடமில்லை. மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கடைகள் உள்ள கடைவீதி என்று வைத்துக்கொண்டால், அத்தனையிலும் வெள்ளைக்காரன் எழுத்தே குடியிருந்தது. அதில் ஒரு பாதியில் வியாபாரம் நடந்தது. மறு பாதியில் தொப்பி வைத்த எழுத்தும் கொக்கி போட்ட எழுத்தும் சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. உலகப்பன் அந்தப் பாதியைக் காலி செய்து தமிழ் எழுத்துகளைக் குடியேற்றினார். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை மட்டும் மாற்ற முடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் கடையில் உட்கார்ந்திருப்பது ககரம் என்று தெரியும். உள்ளே போகும் வழி, அவரே உட்கார்ந்து வரைந்த எழுத்துரு. அதற்கு மனைவி பெயரையே வைத்தார்: நாச்சம்மை.

அந்தக் காலத்தில் தமிழ் அச்சு வேலை பார்த்த ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்கு இப்படிக் குடியேற்றம் நடத்தினார்கள். ஒருவர் ககரம் வைத்த கடையில் இன்னொருவர் ளகரத்தை வைத்தார். பிறகுதான் உலகத்துக்கெல்லாம் பொதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தரப் பட்டா கொடுத்து யூனிகோடு வந்தது. கைப்பேசியில் தமிழ் வந்தது. உலகப்பன் மாறவில்லை. கோவில் பட்டியலை ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை திருத்தி அடிக்கும்போதும் நாச்சம்மையிலேயே அடித்தார். நாச்சம்மை எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தொப்பியும் கொக்கியும்தான் தெரியும். கைப்பேசித் தமிழில் வளர்ந்த சுகுமாறன் போன்றவர்களுக்கு அது பூட்டாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

எழுத்துரு எங்கே இருந்தது? அதே ஹார்டு டிஸ்கில்தான். பட்டியல் இருந்த பெட்டிக்கு அடுத்த பெட்டியில், தன் பெயரோடு, பட்டப்பகலில் நடுத்தெருவில் நிற்பதுபோல் நின்றது. சுகுமாறன் அதை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இருநூற்றுப் பதினோரு பேரும் வீட்டு நம்பரோடு திரையில் வந்து நிற்பார்கள்.

வந்து நின்றால் என்ன ஆகும் என்பது உலகப்பனுக்குத் தெரியும்.

பழைய ரப்பர்த் தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போய்விட்டது. அங்கிருந்த மாரியம்மன் கோவிலுக்கு மாற்று நிலம் கிடைக்கப்போகிறது. கோவில் தலைவர் யாரோ அவர் கையெழுத்தில்தான் அந்த நிலம் வரும். தலைவர் தேர்தல் ஞாயிற்றுக்கிழமை; ஹேமநாதனும் நிற்கிறான். வாசலில் அரசாங்க அதிகாரி உட்கார்ந்து அடையாள அட்டையைச் சரிபார்த்து உள்ளே விடுவார். தன்னிடம் உள்ள உறுப்பினர் பதிவேட்டை அவர் எவனுக்கும் காட்ட மாட்டார். பழைய உறுப்பினர்கள் வந்தால் ஹேமநாதன் தோற்பான். வரவிடாமல் செய்ய வேண்டுமென்றால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தோட்டம் கலைந்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனவர்கள். பாதிப் பேர் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள். யார் எந்தத் தாமான் குடியிருப்பில், எந்த லோரோங் சந்தில் இருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அச்சடித்த பிரதி ஒன்று கோவில் செயலாளர் ஜெயபாலனிடம் இருந்தது. நேற்றுக் காலை ஹேமநாதன் அதைக் கேட்டுக் கோவிலுக்கே போனான். ஜெயபாலன் பேசிக்கொண்டே பின்பக்கம் நடந்து, வாடின மாலைகளை எரிக்கும் பீப்பாயில் புத்தகத்தைப் போட்டு, புல்வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டார். செல்வாவின் பாராங் கத்தி அவர் கெண்டைக்காலில் எலும்பு வரைக்கும் இறங்கியது. எரிந்தது போக மிஞ்சிய அட்டைத் துண்டில் உலகப்பனின் கடை முத்திரை இருந்தது.

அதற்கும் இரண்டு நாள் முன்பே, செவ்வாய்க்கிழமை, ஜெயபாலனின் தங்கை புஷ்பவள்ளி கடைக்கு வந்திருந்தாள். பட்டியலை இந்தக் காலத்து எழுத்துக்கு மாற்றிக் கொடுங்கள், பையன்கள் கைப்பேசியில் பார்த்து வீடு வீடாகச் செய்தி சொல்ல வேண்டும், கொடுத்த பிறகு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள் என்றாள். உலகப்பன் முந்நூறு வெள்ளி கூலி சொன்னார். அவள் நூற்றைம்பது என்றாள். அவர் சிரித்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். வாசல் தாண்டவிட்டுக் கூப்பிடலாம் என்று அவர் இருந்தார்; திரும்பி வருவாள் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குள் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பேசி முடித்தபோது அவள் கார் போய்விட்டிருந்தது. நாளைக்கு வருவாள், இருநூற்று இருபதுக்கு முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பேரத்தின் மிச்சம்தான் இப்போது இரும்புப் பலகைக்கு அடியில் கிடந்தது.

“கையை எடுங்க, சொல்றேன்,” என்றார் உலகப்பன்.

“சொல்லுங்க, எடுக்கிறோம்.”

“எடுத்தாத்தான் சொல்வேன். வலியில நம்பர் மாறிப்போவும். தப்பா அடிச்சா மொத்தமும் போயிடும். மூணு தடவைதான் கேக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன விற்கிறோம் என்பதே அவருக்குப் புரிந்தது. இல்லாத பூட்டை விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவனே பூட்டு இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்போது, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்கிற வியாபாரி எந்தச் சந்தையில் இருக்கிறான்?

ஹேமநாதன் கண்ணைக் காட்டினான். செல்வா சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருகினான். கை வெளியே வந்தது. விரல்கள் கூடவே வந்தன, ஆனால் விரல் மாதிரி இல்லை. உலகப்பன் அதைப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“பாஸ், பாஸ்வேர்டு எங்க அடிக்கிறதுன்னே தெரியல,” என்றான் சுகுமாறன். “கட்டமே வரலயே.”

“எப்படி வரும்?” என்றார் உலகப்பன். “கட்டம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் வரும். அதைத்தான் உங்காளு தேங்கா ஒடைக்கிற மாதிரி ஒடைச்சிட்டாரே.”

செல்வா அவர் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று ஆடியது. ஹேமநாதன் செல்வாவையும் உடைந்து கிடந்த கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று முடிவாகவில்லை.

அந்த நேரத்தில் அவன் கைப்பேசி அடித்தது. யாரோ முக்கியமான ஆள்போலும். “சொல்லுங்க டத்தோ,” என்று குரலைக் குழைத்துக்கொண்டே ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனான். போகும்போது, “சுகு, வேற வழி இருக்கான்னு பாரு. செல்வா, வாசல்ல நில்லு, எவனும் வரக்கூடாது,” என்றான். செல்வா ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று சிகரெட் பற்ற வைத்தான். நடுவில் பேனர் மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

சுகுமாறன் திரையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடினான். உலகப்பன் அவன் விரலையே பார்த்தார். அம்பு நகர்ந்தது. அடுத்த பெட்டி. அடுத்தது. நாச்சம்மையின் மேல் வந்து நின்றது.

நகரவில்லை.

“அண்ணே,” என்றான் சுகுமாறன், திரும்பாமல், மெதுவாக. “இது லாக் இல்லதானே?”

உலகப்பன் வாசலில் நின்ற செல்வாவைப் பார்த்தார்.

“வெறும் ஃபான்ட்டு. இதைப் போட்டா படிக்கலாம். அலமாக்! இதுக்கா உங்க கையை…”

“நீ எந்தப் பக்கம் தம்பி?”

“ஹ்ம்?”

“பொறந்தது எங்கன்னு கேக்கிறேன்.”

“இந்தத் தோட்டந்தான். மூணாவது டிவிஷன். எட்டு வயசுல வெளியாயிட்டோம். பாஸுக்குத் தெரியாது. நான் சொல்லல.”

“அம்மா பேரு?”

அவன் தயங்கினான். சாமான் விலை கேட்ட பிறகு வாடிக்கையாளன் தயங்கும் தயக்கத்தை உலகப்பன் முப்பது வருடமாகப் பார்த்தவர். காத்திருந்தார்.

“வெள்ளையம்மா.”

“கீழ போ. இன்னும் கீழ. ம், அந்த வரி. இல்ல, அதுக்கு மேல.”

திரையில் ஒரு தொப்பி, இரண்டு கொக்கி, ஒரு பவுண்டு. உலகப்பன் எழுத்துருவே இல்லாமல், செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்தார். ஒவ்வொரு கடைக்கும் ஆள் வைத்தவர் அவர். பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் உள்ளே யார் இருப்பது என்று அவருக்குத் தெரியாதா?

“வெள்ளையம்மா, தகப்பன் பேரு காத்தான். மெர்சிங், படகுத் துறைக்குப் போற ரோட்டுல பதினாலாம் நம்பர் வீடு. மக ஷர்மினியோட. போன தடவை திருத்தினப்போ மாத்தி அடிச்சேன்.”

சுகுமாறனின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

“ஜெயபாலன் காலைப் பாத்தியா நீ?”

“நான் நேத்து வரல அண்ணே. சத்தியமா. கம்ப்யூட்டர் ரிப்பேருன்னுதான் கூப்பிட்டாங்க.”

“சரி, இப்ப கேளு. நேரமில்ல. நீ இதை யூனிகோடுன்னு திற. உள்ள கேள்விக்குறியா வரும். அப்படியே சேவ் பண்ணு. பழசு மேலயே. அவ்ளோதான். திரும்ப எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது.”

சுகுமாறனுக்குப் புரிந்தது. பட்டா இல்லாத கடையில் குடியிருக்கிறவனைப் புதுச் சட்டம் ஆளென்றே ஒத்துக்கொள்ளாது. பெயர் கேட்காது, கடை எண்ணைக் குறித்துக்கொள்ளாது. எல்லாருக்கும் ஒரே கறுப்பு வைரக் கட்டத்தையும் அதற்குள் ஒரு கேள்விக்குறியையும் கொடுத்து அனுப்பிவிடும். ககரம் இருந்த இடத்திலும் கேள்விக்குறி, மகரம் இருந்த இடத்திலும் கேள்விக்குறி. ஒரு முறை சேமித்துவிட்டால் எது எதுவாக இருந்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

“வேற காப்பி?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“காப்பி எடுத்து வைன்னு எவன் காசு கொடுத்தான்?” என்றார் உலகப்பன், பழக்க தோஷத்தில். பிறகு குரல் இறங்கியது. “போனாப் போவட்டும்.”

“அவன் என்னைக் கொன்னுடுவான் அண்ணே.”

“கொல்ல மாட்டான். கொன்னா போலீசு, போலீசு வந்தா ஞாயித்துக்கிழமை கூட்டம் நடக்காது. அவனுக்குக் கூட்டம் நடக்கணும். அடிப்பான்.”

“எவ்ளோ அடிப்பான்?”

“நான் தப்பான பாஸ்வேர்டு சொல்லி அழிச்சிட்டேன்னு சொல்லிடு. முக்கால்வாசி என் மேல விழும். கால்வாசி உனக்கு.”

“உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு வெரலு போச்சு.”

“அதான் சொல்றேன். எனக்குப் பழகிடுச்சு.”

“வேணாம் அண்ணே. பாதி பாதி.”

“டேய், முக்கால்னா முக்கால். எங்கிட்டப் பேரம் பேசாத.”

ஷட்டருக்குக் கீழே வெள்ளைச் சட்டை குனிந்தது. சுகுமாறன் திரும்பித் திரையைப் பார்த்தான்.

“என்னா ஆச்சு?” என்றான் ஹேமநாதன்.

“வழி இருக்கு பாஸ். நம்ம கம்ப்யூட்டர்லயே மாத்திடலாம். செட்டியாரு பாஸ்வேர்டு சொல்றேன்னுட்டாரு.”

“வலி நல்லது,” என்றான் ஹேமநாதன். நாற்காலியை இழுத்துப் போட்டு மிக அருகில் உட்கார்ந்தான்.

உலகப்பன் வாய்க்கு வந்த நான்கு எழுத்தையும் நான்கு எண்ணையும் சொன்னார். சுகுமாறன் வெறும் இடத்தில் அவற்றைத் தட்டினான். பட்டியலை மூடி, யூனிகோடு என்று சொல்லித் திறந்தான். வைரக் கட்டங்கள் மளமளவென்று திரையை நிரப்பின. ஹேமநாதன் புருவத்தைச் சுருக்கினான். “ஏறிட்டு இருக்கு பாஸ்,” என்றான் சுகுமாறன். சேமிக்கச் சொன்னான். கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது: பழையதன் மேலேயே எழுதவா? சில எழுத்துகள் இழக்கப்படலாம், சம்மதமா?

அவன் விரல் ஒரு கணம் நின்றது. தட்டினான்.

மூடித் திறந்தான். கேள்விக்குறிகள். கீழே இழுத்தான். கேள்விக்குறிகள். இருநூற்றுப் பதினோரு வரி. நடுவே 14 என்றும் 7 என்றும் 22 என்றும் எண்கள் மட்டும், வீடு இடிந்த பிறகு தெருவில் நிற்கும் கதவுகளைப்போல நின்றன.

“இது என்னா?” என்றான் ஹேமநாதன்.

“அழிஞ்சிருச்சு பாஸ். பாஸ்வேர்டு தப்பு.”

ஹேமநாதன் எழுந்தான். உலகப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் குங்குமத்தைத் தவிர எதுவுமே இல்லை. ஊரில் சொன்னது பொய். அவனும் தொடுவான். உலகப்பனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிங் மெஷின் மேல் சாய்த்தான். நொறுங்கிய கையைத் தானே எடுத்து வைத்தான். சக்கரத்தைத் தொடவில்லை. பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினான்.

ஐந்நூறு தாளை ஒரே வெட்டில் வெட்டுகிற கத்தி. போன வாரம்தான் சாணை பிடித்தது. இரண்டு விரல்கள் பத்திரிகைக் காகிதத் துண்டுகளோடு சேர்ந்து தட்டில் விழுந்தன. உலகப்பன் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று இல்லை. தரையில் உட்கார்ந்து, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வேட்டி சிவப்பதைப் பார்த்தார்.

“அவ்ளோதான்,” என்றார். “நான்தான் தப்பாச் சொன்னேன். அவன் என்னா பண்ணுவான்?”

சொல்லியிருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவன் இன்னொருவனுக்காக வாதாடினால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். இத்தனை வருட வியாபாரத்தில் அது அவருக்குத் தெரியாததா? ஹேமநாதன் மெல்லத் திரும்பி சுகுமாறனைப் பார்த்தான்.

“கம்ப்யூட்டரு கேட்டுச்சுல்ல? ஒரு கேள்வி வந்துச்சுல்ல? நான் பாத்தேன். நீ எதுக்குடா சரின்னு அமுக்கின?”

செல்வா இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். முதல் அடி சுகுமாறனின் தோளில். இரண்டாவது அடியில் தாடை ஒரு பக்கமாகக் கழன்று நின்றது. மடிக்கணினியும் ஹார்டு டிஸ்கும் சுவரில் மோதிச் சிதறின. கீழே விழுந்தவனின் விலாவில் செல்வா பூட்ஸ் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான். உலகப்பன் எண்ணினார். எண்ணுவது அவர் தொழில், நிறுத்த முடியவில்லை. பதினொன்று வரை வந்தபோது பக்கத்தில் மாமாக் கடை ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. மோட்டார் சைக்கிள்கள், செருப்புச் சத்தம், யாரோ தே தாரிக் டீ கேட்கும் குரல். ஹேமநாதன் சட்டைக் கையில் தெறித்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். “போலாம்,” என்றான்.

பேனர் மெஷின் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல் வரைக்கும் அடித்து முடித்துத் தானாக நின்றது.

*

பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைக் காலை புஷ்பவள்ளி வந்தாள். மேல் மாடியில் அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இறங்கி வந்தவள், தூக்குச்சட்டியோடு உலகப்பனின் கால்மாட்டில் நின்றாள்.

“எவ்ளோ குடுத்தான்?”

“யாரும்மா?”

“நடிக்காதீங்க அண்ணே. லிஸ்ட்டு அவன்கிட்ட போயிருச்சுன்னு ஊரே பேசுது. எவ்ளோக்கு முடிச்சீங்க?”

“அழிச்சிட்டோம் புஷ்பா. ஒரு பேருகூட அவன் கண்ணுல படல.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கட்டிங் மெஷினே தேவலாம் என்று இருந்தது. “நூத்தம்பது வெள்ளிக்கு என்னை வாசல் வரைக்கும் நடக்கவிட்ட மனுசன் நீங்க. அவனுக்குச் சும்மா குடுத்தீங்களா?”

“குடுக்கல, அழிச்சோம்னு சொல்றேன். இதோ, இந்தத் தம்பியைக் கேளு.”

சுகுமாறனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கண்ணால் மட்டும் ஏதோ சொன்னான்.

“இவன் அவனோட ஆளு. காரை விட்டு எறங்கறப்ப மாமாக் கடைக்காரன் பாத்திருக்கான்.” அவள் தூக்குச்சட்டியை ஓங்கினாள். எதிர்க் கட்டில் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டதால் இறக்கினாள். “அடிச்சுக்கிட்டீங்க, பங்கு பிரிக்கிறதுல தகராறு. எனக்குத் தெரியாதா? இன்னைக்கு எவன் வீட்டுக் கதவைத் தட்டினாலும், எவன் காலு போனாலும், அதை உங்க பேருலதான் எழுதி வைப்பாங்க.”

போய்விட்டாள். உலகப்பன் அன்று முழுவதும் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதும் தலையைத் தூக்கினார். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. ஒரு நெஞ்சு வலி. கால் வெட்டுப்பட்டவன் என்று யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் சுகுமாறனும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன.

முதலில் உடைந்த மூக்கோடு ஓர் ஆள். அப்புறம் கை தொங்கிப்போன ஒருவன். கோவில் திருநீறும் ரத்தமும் கலந்து எல்லார் முகமும் ஒரே நிறமாக இருந்தது. கடைசியில் புஷ்பவள்ளி நடந்தே வந்தாள். நெற்றியிலிருந்து உச்சி வரை தையல். சேலைத் தலைப்பு கிழிந்து தோளில் முடிச்சுப் போட்டிருந்தது. உலகப்பனின் கட்டில் விளிம்பில், கேட்காமலே, தொப்பென்று உட்கார்ந்தாள்.

“எத்தனை பேரு வந்தாங்க?” என்றார் அவர்.

“நம்ம பக்கம் தொண்ணூத்தி நாலு. யாருக்குமே செய்தி அனுப்பல, எங்க அனுப்புறது? காதோட காதா கேட்டு வந்தவங்கதான். அவன் பக்கம் அறுவதுகூட இல்ல. கை தூக்கி எண்ணி முடிக்கிறதுக்குள்ள நாற்காலி பறந்துச்சு. அதிகாரி மேசைக்கு அடியில பூந்துட்டாரு. போலீசு வந்து கேட்டைப் பூட்டிருச்சு. அடுத்த மாசம் திரும்ப எண்ணணுமாம்.”

“நேத்து?”

அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்து கிழிந்த தலைப்பைப் பார்த்தாள். “வந்தவங்க ஒவ்வொருத்தரையா கேட்டேன் அண்ணே. யாராச்சும் வீட்டுப் பக்கம் வந்தானான்னு. ஒருத்தன் வரல. ஒரு கதவைத் தட்டல.” கொஞ்சம் நிறுத்தினாள். “அடி வாங்கினதெல்லாம் கோவில்லதான். அது நாங்களா போய் வாங்கினது.”

பிறகு எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள். சுகுமாறன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி எங்கே விழும் என்று உடம்பு தானாகக் கணக்குப் போட்டு விலாப் பக்கம் சுருங்கியது.

“டேய். கண்ணைத் தொற. நீ மூணாவது டிவிஷன் வெள்ளையம்மா அக்கா மவனா?”

அவன் மெல்லத் தலையாட்டினான்.

“மூஞ்சியப் பாத்தவொடனே நேத்தே யோசிச்சேன். உங்கம்மாவும் வந்திருந்தாங்க. மெர்சிங்லேர்ந்து முதல் பஸ்ஸு. உன்னை அவன் ஆளுங்க அடிச்சுப் போட்டதை யாரோ சொல்லியிருக்காங்க. ஹேமநாதன் மைக்கைப் புடிச்சுப் பேசிட்டு இருந்தான். பின்னாடியே போயி, மடக்கு நாற்காலி, இரும்பு, அதை அப்படியே அவன் முதுகுல…” புஷ்பவள்ளி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். தையல் இழுத்ததில் முகத்தைச் சுளித்தாள். “எழுந்திரிக்கவே இல்ல அவன். ஆம்புலன்ஸ்லதான் போனான்.”

சுகுமாறனின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“உங்கம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு. கீழ எக்ஸ்ரே எடுக்கிறாங்க. எடுத்த பின்னாடி மேல வர்றேன்னாங்க. உனக்கும் ஒண்ணு பாக்கி வச்சிருக்காங்களாம், அவன்கிட்ட வேலைக்குப் போனதுக்கு.”

கம்பி போட்ட தாடையோடு சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுகுமாறன் சிரித்தான். வலியில் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. உலகப்பன் கட்டுப் போடாத கையை நீட்டி, படிக்கட்டுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே, அவன் தலையணையை நகர்த்தி அவன் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்தார்.